கத்தியில் துரு: எடுக்கும் முறையும் தடுக்கும் முறையும்

கத்தியில் செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்ததும் கம்பி நாரை எடுத்து அழுத்தித் தேய்ப்பது கை தானாகச் செய்கிற வேலை. புள்ளி உடனே போய்விடும். சில நாட்களில் அதே இடத்தில், முன்பைவிடப் பரவலாக, மறுபடி வரும்.

சமையலறைக் கத்தியில் பிடிக்கும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது, கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அதற்குப் போய்க் கடுமையான பொருளைப் பயன்படுத்துவதால்தான் கீறல், குழி, மழுங்கல் என்று அடுத்தடுத்துத் தொல்லை வருகிறது. துரு செய்கிற சேதத்தைவிட, துருவை எடுக்கிற அவசரம் செய்கிற சேதம் பெரிது. ஆகவே எதையும் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: கத்தி என்ன எஃகு, துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது. அதன் பிறகு, இருப்பதிலேயே மென்மையான முறையில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

துரு எப்படிப் பிடிக்கிறது

இரும்பு, ஆக்சிஜன், நீர். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் துரு பிடிக்கும், ஒன்றை விலக்கினாலும் நின்றுவிடும். கத்தியைப் பாதுகாக்கும் எல்லா வழிகளும் இந்த மூன்றில் ஒன்றை, பெரும்பாலும் நீரை, விலக்குகிற வழிகளே.

கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத அலகின் மேல் ஒரு சொட்டு நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சொட்டின் விளிம்பில் நீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக இறங்கும். நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே அந்தச் சொட்டை ஒரு சின்ன மின்கலமாக்கிவிடுகிறது. நடுப்பகுதியில் இரும்பு அயனியாகக் கரைந்து நீருக்குள் வருகிறது. அது விட்டுச்செல்லும் எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன, அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு விளிம்பை நோக்கி வரும் வழியில் துருவாகப் படிகிறது. காய்ந்த சொட்டின் தடம் பழுப்பு வளையமாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் அரிபட்டது வளையத்துக்கு நடுவே உள்ள இடம். அதனால் வளையத்தைத் தேய்த்து எடுத்த பின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் புள்ளியோ சிறு பள்ளமோ தெரிந்தால் வியக்க வேண்டியதில்லை.

நீரில் உப்பு இருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மேலே சொன்ன வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் போன்றவற்றின் சாறில் உள்ள அமிலமும் இரும்பைக் கரைக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உண்டாகிவிடும். மேற்பரப்பில் உப்புத் துகள் ஒட்டியிருந்தால் அதற்கும் குறைந்த ஈரப்பதமே போதும். நனையவே நனையாமல் டிராயரில் கிடந்த கத்தியில் துரு வருவது இப்படித்தான்.

துரு தானாக நிற்பதும் இல்லை. அது இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு, பொரிந்து, உதிரும் தன்மையோடு இருக்கும். அந்தத் துளைகளில் ஈரம் தங்கும், அடியில் அரிப்பு தொடரும். இன்று துடைத்தாலே போகிற புள்ளி சில வாரங்களில் குழியாக மாறுவதற்கு இதுவே காரணம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. குரோமியம் காற்றோடு சேர்ந்து எஃகின் மேல் ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் காற்றுப் பட்டால் மறுபடி தானாக மூடிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கிய எஃகில் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் இருந்தன. ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்குப் பெயர் போன ஊர் என்பதால் அந்த எஃகு சீக்கிரமே சாப்பாட்டு மேசைக் கத்தியாகிவிட்டது.

பிறகு ஏன் கரண்டி பல ஆண்டுகள் பளபளக்க, கத்தி மட்டும் புள்ளி போடுகிறது? கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் பயன்படும் எஃகில் வழக்கமாக 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் அளவுக்கு நிக்கலும் இருக்கும், கார்பன் மிகக் குறைவு. துருவை நன்றாக எதிர்க்கும், ஆனால் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கூர் நிற்காது. கத்தி கூர் நிற்க வேண்டுமானால் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன், எஃகிலுள்ள குரோமியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடுகிறது. கார்பைடில் சிக்கிய குரோமியம் பாதுகாப்புப் படலத்துக்கு உதவாது.

ஆகவே குரோமியத்தின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஏறக்குறைய 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொண்ட எஃகு பல நல்ல சமையல் கத்திகளில் இருக்கிறது, அது துருவை நன்றாகத் தாங்கும். டி2 என்ற எஃகில் 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம் உண்டு, ஆனால் கார்பன் 1.5 சதவீதம். எண்ணிக்கைப்படி ஸ்டெயின்லெஸ் போலத் தோன்றினாலும் கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். கார்பன் ஸ்டீல் கத்தியிலோ பெயருக்குக்கூடக் குரோமியம் இல்லாமல் இருக்கலாம். ஈரத்தோடு அரை மணி நேரம் வைத்தாலே பழுப்பு தெரியத் தொடங்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இருக்கிற பெரிய எதிரி உப்பிலுள்ள குளோரைடு. அது படலத்தை ஏதாவது ஒரு நுண்ணிய இடத்தில் உடைத்து, அங்கேயே உள்ளே துளைத்துக்கொண்டு போகும். கார்பன் ஸ்டீலில் துரு பரவலாகப் படரும் என்றால், ஸ்டெயின்லெஸில் அது ஊசி குத்தியதுபோல் சிறு சிறு புள்ளியாக வரும். மேலே கடுகளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம்.

கையிலுள்ள கத்தி எந்த வகை என்று பார்க்கச் சிலர் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார்கள். கத்திக்கு அந்தச் சோதனை உதவாது. கடினமாக்கப்பட்ட ஸ்டெயின்லெஸ் கத்தி எஃகும் காந்தத்தில் ஒட்டும். இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கைப்பிடிக்கு அருகில், அலகின் சுத்தமான இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். சாம்பலாகவோ கருப்பாகவோ தடம் விழுந்தால் கார்பன் ஸ்டீல். தடமே இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ்.

எல்லாக் கறையும் துரு ஆகாது

கார்பன் ஸ்டீல் கத்தியைப் பயன்படுத்தப் பயன்படுத்த அலகு நீலம் கலந்த சாம்பல் நிறமாக, சில இடங்களில் ஊதாவாக, கருத்துப்போகும். இது துரு இல்லை. எஃகின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கருப்புப் படலம், செந்துரு வருவதை ஓரளவு தடுக்கவும் செய்யும். இதைச் சுரண்டி வெள்ளி போல ஆக்க முயல்வது, இருக்கிற பாதுகாப்பை நாமே எடுத்துப் போடுகிற வேலை. விட்டுவிடுங்கள்.

வேறுபாடு தெரிய, வெள்ளை டிஷ்யூவை நனைத்து அந்த இடத்தில் இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். டிஷ்யூவில் ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு ஒட்டினால் துரு. ஒன்றும் ஒட்டவில்லை, அலகில் நிறம் மட்டும் இருக்கிறது என்றால் அது கருமைப் படலம். வெள்ளையாகப் பூத்தாற்போல இருந்தால் நீரிலுள்ள சுண்ணாம்புப் படிவு. வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் கழுவினால் போய்விடும்.

துரு என்று உறுதியானால் நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டம். நகம் தட்டி நின்றால், அல்லது துடைத்த பின்னும் பள்ளம் தெரிந்தால், குழி விழுந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தொடங்கும் முன்

கத்தியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பொருளும் துருவைத் தொடாது. நனைத்துப் பிழிந்த துணியை மடித்து மேசை விளிம்பில் விரித்து, அதன் மேல் கத்தியைப் படுக்கவையுங்கள், வழுக்காது. கூர் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். தேய்க்கும் விரல்கள் எப்போதும் கத்தியின் முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டும் போய், கூரைத் தாண்டியதும் தூக்கித் திரும்ப வேண்டும். கூரின் நெடுக்காகவோ, கூரிலிருந்து முதுகுக்கோ தேய்த்தால் என்றாவது ஒரு நாள் விரல் வெட்டுப்படும். அலகைக் கையில் பிடித்துக்கொண்டு தேய்ப்பது அதைவிட ஆபத்து.

மேலோட்டத் துருவுக்குச் சமையல் சோடா

முதலில் முயல வேண்டியது இதுதான். மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு நீர்: ஒரு மேசைக்கரண்டி சோடாவும் ஒரு தேக்கரண்டி நீரும் ஒரு கத்திக்குப் போதும். குழைத்தால் அலகில் தடவும்போது வழியாமல் நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும். துருவின் மேல் தடவி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். பிறகு ஈரத் துணியாலோ, புட்டியின் கார்க் அடைப்பானாலோ இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். கார்க் நல்ல தேர்வு, ஏனென்றால் அது விரலைக் கூரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வைக்கும், அழுத்தமும் சீராக விழும். பசை காய்ந்தால் ஒரு சொட்டு நீர் சேர்த்துக்கொள்ளலாம். பசை வெள்ளையிலிருந்து பழுப்பாக மாறினால் துரு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சோடாத் துகள் எஃகைவிட மிகவும் மென்மையானது. துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. கூடவே அது காரத்தன்மை உடையது என்பதால், வேலை முடிந்ததும் அலகு உடனே புதிதாகத் துருப்பிடிக்காது. குறையும் உண்டு: துருவைக் கரைக்காது. பழைய, அழுத்தமான துருவில் மேல்பூச்சு மட்டும் போய், அடியில் கருஞ்சிவப்பாக ஒரு தடம் மிஞ்சும். இரண்டாம் முறையும் அப்படியே நின்றால் அமிலத்துக்குப் போகலாம்.

வினிகர், சிட்ரிக் ஆசிட்: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே

சமையல் வினிகரில் 5 சதவீதம் அளவுக்கு அசிட்டிக் அமிலம் இருக்கும், அதுவே போதும். சிட்ரிக் ஆசிட் தூள் இருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் கலந்தால் ஏறத்தாழ அதே வலிமை. கத்தியை முழுதாக முக்க வேண்டாம். டிஷ்யூவையோ துணியையோ நனைத்துத் துரு உள்ள இடத்தில் மட்டும் போர்த்துங்கள். கைப்பிடியில் படக்கூடாது. மரப்பிடியும், பிடிக்குள் இருக்கும் எஃகும் அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டால் பிறகு வெளியே எடுக்க வழியில்லை.

10 நிமிடம் கழித்துத் திறந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். தேவையென்றால் மறுபடி 10 நிமிடம். மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்தால் துருவோடு நல்ல எஃகும் கரையும். அலகு மங்கிச் சொரசொரப்பாகும். கூர் ஓரம் மிக மெல்லியது என்பதால் முதலில் தின்னப்படுவதும் அதுவே. கார்பன் ஸ்டீல் இதில் எப்படியும் சாம்பல் நிறமாகும், அது தவறில்லை.

அமில முறையில் பலரும் தவறவிடுவது கடைசிப் படி. கழுவிய பின் ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அலகை அதில் அலசுங்கள். மிச்சமிருக்கும் அமிலம் முறிந்துவிடும். பிறகு நல்ல நீரில் அலசி, உடனே துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். அமிலம் பட்ட எஃகு முழுக்க வெறுமையாக நிற்கும். அதை ஈரத்தோடு ஐந்து நிமிடம் விட்டாலே மெல்லிய மஞ்சள் பழுப்பு, அலகு முழுக்கப் பூசியதுபோல் வந்துவிடும். முறை பலிக்கவில்லை என்று நினைத்து மறுபடி வினிகரில் போடுகிறவர்கள் உண்டு. அது பழைய துரு இல்லை, அப்போது பிடித்த புதுத் துரு. சோடாப் பசையால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும்.

எலுமிச்சையும் உப்பும் சேர்த்துத் தேய்க்கும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. துரு போகும் என்பது உண்மைதான். ஆனால் அமிலத்தோடு குளோரைடையும் சேர்த்துத் தேய்த்து, ஏற்கெனவே குழி தொடங்கிய இடத்தில் இறக்குகிறோம். எலுமிச்சை மட்டும் போதும், உப்பை விட்டுவிடலாம். நறுக்கிய உருளைக்கிழங்கால் தேய்ப்பதும் அப்படியொரு முறை. அதில் ஆக்சாலிக் அமிலம் சிறிதளவு இருப்பதால் நேற்று வந்த துருவுக்குப் பலன் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் புள்ளிகளுக்கு ஆக்சாலிக் ஆசிட் தூள்

ஆக்சாலிக் ஆசிட் கலந்த பாத்திரம் தேய்க்கும் தூள் ஸ்டெயின்லெஸ் கத்திக்கு மிகவும் பொருத்தமானது. ஆக்சாலிக் அமிலம் துருவிலுள்ள இரும்பைப் பிடித்து நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். ஈரமான அலகில் தூளைத் தூவி, துணியால் பசையாக்கி, ஒரு நிமிடம் தேய்த்து, ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். கையுறை கட்டாயம், தூள் மூக்கிலோ கண்ணிலோ போகக்கூடாது, அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தூள் டப்பாவின் மேல் குளோரினோ பிளீச்சோ இருப்பதாக எழுதியிருந்தால் அது வேறு தூள், கத்திக்கு ஆகாது. பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். வினிகருக்கும் இது பொருந்தும்.

குழி விழுந்தால்

துரு அழிக்கும் ரப்பர் என்று ஒன்று கிடைக்கிறது. ரப்பருக்குள் கடினமான சாணைத் துகள் கலந்த கட்டி. நனைத்துத் தேய்த்தால் பழைய துருவும் வரும், ஆனால் கோடுகளை விட்டுச்செல்லும். அலகில் ஏற்கெனவே தெரியும் மெருகுக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் தேய்த்தால் கண்ணை உறுத்தாது. கண்ணாடி போல மெருகேற்றிய அலகில் பயன்படுத்த வேண்டாம்.

அதற்கும் மேல் என்றால் நீரில் நனைக்கத்தக்க உப்புத்தாள்: 400, பிறகு 800, பிறகு 1500 (எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்). சிறு மரத்துண்டில் சுற்றிக்கொண்டு, நீர் தொட்டு, ஒரே திசையில் தேயுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளமான இடம் மேலும் பள்ளமாகும், மரத்துண்டு இருந்தால் மேற்பரப்பு சமமாகவே இறங்கும். 400இன் கோடுகள் முழுக்க மறைந்த பிறகே 800லிருந்து 1500க்குப் போக வேண்டும், இல்லையென்றால் அவை அடியில் தெரிந்துகொண்டே இருக்கும்.

குழியின் அடி வரை தேய்த்து மட்டமாக்கத்தான் வேண்டுமா? அலகின் பக்கவாட்டில் இருந்தால் வேண்டாம். துருத் தூளை எடுத்துவிட்டு, குழியைக் கருமையாகவே விட்டு, எண்ணெய் காட்டி வந்தால் அது அங்கேயே நிற்கும். குழியைத் துரத்திக்கொண்டு போனால் அலகு மெலிந்துபோகும். கூர் ஓரத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு குழியும் கூரில் ஒரு பல்லாகத் தெரியும், தக்காளித் தோலில் வைத்தால் வெட்டாமல் இழுபடும். சாணைக்கல்லில் கூரைப் பின்னுக்குத் தள்ளித்தான் சரிசெய்ய முடியும். குழி ஆழமென்றால் 400 அளவு சாணைக்கல்லில் தொடங்கி 1000இல் முடிக்கலாம், ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி சாய்வில். குழி இல்லாவிட்டாலும், துரு எடுத்த கத்தியை 1000 கல்லில் சில இழுப்பு இழுத்துவிடுவது நல்லது. கூரின் நுனி முடியைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துருவே அதை மழுக்கப் போதும்.

ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்தியில் துரு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும். பல்குத்தும் குச்சியில் துணியைச் சுற்றி, சோடாப் பசை தொட்டு ஒவ்வொரு இடைவெளியாக எடுக்க வேண்டியதுதான். பொறுமை வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

தொடக்கூடாதவை

இப்போது அந்தக் கம்பி நார். சாதாரண இரும்புக் கம்பி நார் ஸ்டெயின்லெஸைக் கீறுவதோடு நிற்காமல், நுண்ணிய இரும்புத் துகள்களை அந்தக் கீறல்களில் பதித்துவிடும். அடுத்த முறை ஈரம் பட்டதும் முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்கள். அந்த இடத்தில் பாதுகாப்புப் படலமும் சரியாக மூடாது. தேய்த்த இடத்திலேயே துரு பரவலாகத் திரும்பி வருவதன் ரகசியம் இது. ஏற்கெனவே அப்படித் தேய்த்திருந்தால் ஆக்சாலிக் தூள் பதிந்த இரும்பைக் கரைத்து எடுக்கும்.

கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தில் பல நேரம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸுக்கு நஞ்சு, உணவு தொடும் பொருளில் அதற்கு இடமே இல்லை. பிளீச்சும் குழி விழவைக்கும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெய்கள் உண்பதற்கு உகந்தவை அல்ல, அலகில் அடிக்க வேண்டாம். மின்சாரக் கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரம் நிமிடத்தில் துருவை எடுக்கும், அதே நிமிடத்தில் கூர் ஓரத்தைச் சுட்டுவிடும். சமையல் கத்திகளின் கடினம் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரி செல்சியஸுக்குள் பதப்படுத்தி நிலைநிறுத்தப்பட்டது. சூடு 300 டிகிரியை நெருங்கி எஃகில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. ஈரம் போகட்டும் என்று கத்தியை அடுப்புத் தீயில் காட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

வராமல் தடுக்க

முக்கியமான விஷயம் நேரம். வெட்டி முடித்த கத்தியைச் சில நிமிடங்களுக்குள் கழுவித் துடைத்துவிட்டால் சாதாரண கார்பன் ஸ்டீல்கூடத் துருப்பிடிக்காது. எலுமிச்சையோ தக்காளியோ வெட்டும்போது கார்பன் ஸ்டீல் கத்தியை இடையிடையே ஈரத் துணியால் வழித்துவிடுங்கள். பக்கத்தில் எப்போதும் மடித்த துணி ஒன்று இருந்தால் இது பழக்கமாகிவிடும்.

கத்தியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டு வைப்பது மிகக் கெட்ட வழக்கம். உப்பும் புளிப்பும் கலந்த நீர், ஊறும் நேரம், மேலே மற்ற பாத்திரங்கள் உரசுவது, எல்லாம் ஒரே இடத்தில். நீருக்குள் கிடக்கும் கத்தியைத் தெரியாமல் கையால் துழாவுகிற ஆபத்து தனி.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தாலும் கத்தியைப் போடாதீர்கள். சூடான காரக் கரைசல், உணவிலிருந்து வரும் உப்பு, நீராவியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைந்து கிடப்பது, பக்கத்துக் கரண்டிகளில் இடிபடுவது என்று எல்லாமே கூருக்கு எதிரானவை. அதில் வைத்த கார்பன் ஸ்டீல் கத்தி பெரும்பாலும் முழுக்கச் சிவந்துதான் வெளியே வரும்.

துடைக்கும்போது அலகின் நடுவைத்தான் எல்லோரும் துடைப்பார்கள். ஈரம் தங்குவது வேறு இடங்களில்: முதுகின் ஓரம், அடிமூலை, அலகும் கைப்பிடியும் சேரும் கோடு, பிடியை இறுக்கும் ஆணியான ரிவெட்டைச் சுற்றி. துணியை மடித்து முதுகின் பக்கமிருந்து அலகைப் பிடித்து, பிடியிலிருந்து நுனிக்கு இழுத்துத் துடைத்துவிட்டு, துணியின் மூலையால் அந்தச் சேரும் கோட்டை ஒரு தடவை தொட்டெடுங்கள். உடனே உறையிலோ கட்டையிலோ சொருகாமல் 10 நிமிடம் திறந்த வெளியில் விடுங்கள்.

வைக்கும் இடத்தில் நல்லது சுவரில் பதிக்கும் காந்தப் பட்டை, காற்று நாலாபுறமும் படும். துளையில் சொருகும் மரக்கட்டை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தோடு ஒரு முறை சொருகினால் அந்தத் துளை பல நாட்கள் ஈரமாகவே இருக்கும். தோல் உறையில் நிரந்தரமாக வைத்தால் துரு நிச்சயம். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும், பதனிடப் பயன்படும் பொருட்களின் மிச்சமும் எஃகுக்கு ஆகாது. டிராயரில் வைத்தால் கூருக்கு உறை போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே போடலாம்.

எண்ணெய் விஷயத்தில் அளவுதான் முக்கியம். 20 செ.மீ. அலகின் இரு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு மூன்று சொட்டு போதும். டிஷ்யூவில் தொட்டுப் பூசி, அடுத்த டிஷ்யூவால் வழித்தெடுங்கள். தொட்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரியக்கூடாது, லேசாக மின்ன மட்டும் வேண்டும். உணவுத் தர மினரல் ஆயில் சிக்குப் பிடிக்காது, காறாது, அதனால் முதல் தேர்வு. கமீலியா என்ற பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஜப்பானியக் கத்திகளுக்குப் பழகிய எண்ணெய், அதுவும் உலர்ந்து இறுகாது. தேங்காய் எண்ணெயும் காறுவதற்கு நாளெடுக்கும், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோவது மட்டுமே தொந்தரவு. சூரியகாந்தி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றில் இறுகிப் பிசின் போலாகும், அலகில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு எடுப்பதே பெரும்பாடாகிவிடும். தினமும் புழங்கும் ஸ்டெயின்லெஸ் கத்திக்கு எண்ணெய் தேவையில்லை. கார்பன் ஸ்டீல் கத்தியைச் சில நாட்களுக்கு மேல் சும்மா வைக்கப்போகிறீர்கள் என்றால் பூசுங்கள். மாதக்கணக்கில் என்றால் பூசி மெழுகுத்தாளில் சுற்றி, மாதம் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றினால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

புதிய கார்பன் ஸ்டீல் கத்திக்குக் கருமைப் படலத்தை நாமே வரவைக்கலாம். சோப்பால் எண்ணெய் முழுக்க நீக்கி, வெதுவெதுப்பான வினிகரைத் துணியால் சீராகப் பூசி 5 நிமிடம் விட்டு, வரும் ஆரஞ்சுத் தூளைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். மூன்று நான்கு முறையில் சாம்பல் நிறம் ஏறும். முடிவில் சோடா நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். துரு வருவதை இது தாமதப்படுத்தும், முழுக்க நிறுத்தாது.

உடலுக்குக் கேடா?

கத்தியிலிருந்து உணவில் கலக்கும் அளவு துரு நஞ்சாகாது, உணவில் இரும்பு வாடையும் கறையும் வரும். துருப்பிடித்த இரும்பு கிழித்தால் டெட்டனஸ் வரும் என்ற அச்சத்தில் பாதிதான் உண்மை. டெட்டனஸுக்குக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, துரு இல்லை. தடுப்பூசி எந்த வெட்டுக்காயத்துக்கும் முக்கியம். சமையலறையில் உண்மையான கவலை வேறு: குழி விழுந்த அலகில் உணவுத் துணுக்கும் கிருமியும் தங்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

எப்போது கத்தியை மாற்ற வேண்டும்

பக்கவாட்டுக் குழிகளோடு ஒரு கத்தி பல ஆண்டு உழைக்கும். கைப்பிடிக்குள் துருப்பிடித்தால்தான் சிக்கல். பிடிக்கு உள்ளே போகும் எஃகில் துரு பிடித்தால் அது பருத்து மரத்தை உள்ளிருந்து பிளக்கும். பிடியின் இரு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுவது, கோட்டிலிருந்து பழுப்பு நீர் கசிவது, வெட்டும்போது அலகு ஆடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். அங்கே எந்தப் பசையும் எட்டாது. ரிவெட் வைத்த நல்ல கத்தி என்றால் பிடியைக் கழற்றி, உள்ளே துருவை எடுத்து, புதுப் பிடி போட்டுத் தரச் சாணை பிடிப்பவரிடம் கேட்கலாம். மலிவான கத்தி என்றால், அழுத்தி வெட்டும்போது அலகு பிடிக்குள்ளேயே ஒடிந்து கையைக் கிழிக்கும் முன் அட்டையில் சுற்றிக் கழித்துவிட வேண்டியதுதான்.